இறக்கிய வீடு

தாழவிளையில் ஒரு வீட்டை ஏற்ற வேண்டுமென்றால் கொத்தன் வேண்டும், ஆசாரி வேண்டும், பஞ்சாயத்துப் படியேறித் தேய்ந்த செருப்பு ஒரு ஜோடி வேண்டும். இறக்குவதற்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, இன்னாருடைய வீடு வருகிற சனிக்கிழமை இறக்கப்படும், வாலிபர் சங்கத்தார் வரவும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். சனிக்கிழமை விடிந்ததும் இருபது பேர் வந்து நிற்பார்கள். ஓட்டை ஒவ்வொன்றாகக் கைமாற்றி இறக்குவார்கள். ஓடு தாங்குகிற கழுக்கோல்களைக் கழற்றுவார்கள். கதவையும் ஜன்னலையும் நிலையோடு பெயர்த்து எடுப்பார்கள். மத்தியானம் மரச்சீனியும் சாளைக்கறியும் உண்டு. சாயங்காலம் வெறும் சுவர்தான் நிற்கும். அதைக் கடல் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

இதற்கு அங்கே இறக்குதல் என்றுதான் பெயர். இடிப்பது என்றோ உடைப்பது என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். இடிப்பது கடலுடைய வேலை.

தெற்கே கூப்பிடு தூரத்தில் மாநில எல்லை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்கள். அதே கல்லுக்கு இங்கே பெயர் புலிமுட்டு. பெயர் எதுவாகவும் இருக்கட்டும், அந்தக் கல்லுக்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே தாழவிளையில் மணல் போகிறது என்பது ஊர்க்காரர்களின் புகார். எங்களுக்கும் கல்லுப் போடுங்கள் என்று கேட்டால் முதலில் ஆய்வு நடக்க வேண்டும் என்றார்கள். ஆய்வு நடந்தது. பிறகு, அந்தக் கல்லை எடுக்கச் சொல்லி இந்த அரசும், எடுக்க முடியாது என்று அந்த அரசும் தீர்ப்பாயத்தில் போய் நின்றன. வழக்கு முடியும்வரை இரண்டு பக்கமும் ஒரு கல்லையும் தொடக்கூடாது என்று உத்தரவு. உத்தரவின் நகலைக் கடலுக்கு யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லைபோலிருக்கிறது. அது தன் பாட்டுக்கு வந்துகொண்டேயிருந்தது.

அப்படி அது வந்து நின்ற இடம் ஆனந்தபாயின் அடுக்களை.

ஆனந்தபாய் அச்சப்பம் போடுகிறவள். பச்சரிசி மாவில் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்த்துக் கரைத்து, காய்ந்த அச்சை அதில் கழுத்தளவு முக்கி, திரும்ப எண்ணெயில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பூப்பூவாகக் கழன்று விழும். மாவு அச்சின் தலைக்குமேல் ஏறிவிட்டால் கழலாது, கரிந்துபோகும். இருபத்தைந்து வருஷமாக அவள் கையில் ஒன்றுகூடக் கரிந்ததில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். பாறசாலைச் சந்தியில் மூன்று பேக்கரிகளில் அவள் சரக்குத்தான். புருஷன் ராஜையா டயருக்கு ரப்பர் ஒட்டுகிற கம்பெனியில் காலமெல்லாம் புகை குடித்து, நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர். ஒரே மகள் ஷிஜியைக் குன்னத்துகாலில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது இந்த வீடும், கடலைப் பார்த்த அந்த அடுக்களையும்தான்.

மாசி முடிவதற்குள் கடல் இரண்டு தென்னைகளை எடுத்தது. பிறகு துணி அலக்குகிற கல்லை எடுத்தது. பிறகு கக்கூஸ். ராஜையா வில்லேஜ் ஆபீசில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் இறக்கலாம் என்பது அவர் கட்சி. ஆனந்தபாய் கேட்கிற ரகமா?

"அவிய வாறதுக்குள்ள கடலு வந்திரும். லேகாக்க வீட்டெ எறக்கித்தானெ வச்சா? அவளுக்கு மூணு சென்றும் வீடும் கெடச்சுதா இல்லியா? நல்ல ஆஞ்சிலிக் கதவாக்கும். அடுப்படியில எனக்க மேலு வெந்து உண்டாக்கினது. இந்தக் கடலுக்கு ஒரு ஆணி நான் கொடுக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. லேகாவுக்குக் கிடைத்தது. அவளுக்கு முந்தி இறக்கின ஐந்தாறு வீட்டுக்காரர்களுக்கும் கிடைத்தது. கடல் எடுத்த வீட்டுக்காரர்களுக்கு உள்ளே தள்ளி மூன்று சென்ட் நிலமும் ஒரு சின்ன வீடும் கொடுக்கிற திட்டம் அது. அப்போதிருந்த அதிகாரி சுவரைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார், கடல் எடுத்தது என்று எழுதிக்கொண்டு ஒரு சாயா குடித்துவிட்டுப் போவார். ஓடு எங்கே என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

ஆகவே சனிக்கிழமை வீடு இறங்கியது. ஆனந்தபாயின் அண்ணன் மகன் மனு முன்னால் நின்றான். ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல கைவாகு, வாலிபர் சங்கத்துச் செயலாளர். ஓடுகளும் மரமும் கதவும் ஒரு டெம்போவில் ஏறிக் குன்னத்துகாலில் மருமகன் பிஜுவின் ரப்பர் ஷெட்டுக்குப் போயின. பின்னாலேயே புருஷனும் பெண்டாட்டியும் மூட்டைமுடிச்சோடு பஸ் ஏறினார்கள். ஒன்றையும் கடலுக்கு விடவில்லை என்ற திருப்தியில் ஆனந்தபாய் அன்று நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம், முன்கூட்டியே சொல்லி ஆனந்தபாயைத் தாழவிளைக்கு வரவழைத்துவிட்டு, புதிய வில்லேஜ் ஆபீசர் வந்தாள். பெயர் சுனிதா. அதியன்னூர்க்காரி, சைவக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். இந்தப் பக்கத்தில் அதிகாரி பெண்ணானாலும் ஆணானாலும் 'சார்'தான், வாய் அப்படியே பழகிப்போயிற்று. பெண் நல்லவள். வெயிலில் கிடந்து வந்ததற்கு முகத்தில் ஒரு சிடுசிடுப்பும் இல்லை. கையில் போன் இருந்தது. சேதத்தை இப்போது அதில்தான் பதிய வேண்டுமாம். நின்ற இடம், நேரம், படம் எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும். அவள் படத்தை எடுக்கப்போய் நிறுத்தினாள்.

"அம்மா, ஓடு எங்க?"

"எறக்கி மகளுக்க வீட்டுல வச்சிருக்கு சாறே."

"கதவு?"

"அதும் அங்க உண்டு. பத்திரமாட்டு உண்டு."

சுனிதா சுவரடிக்குப் போய்ப் பார்த்தாள். அலை அப்போது அடுக்களைச் சுவருக்கு ஒரு முழம் கீழே வந்து திரும்பிக்கொண்டிருந்தது. சுவரில் அது இன்னும் கை வைத்திருக்கவில்லை.

"திட்டம் கடலு எடுத்த வீட்டுக்காக்கும். இது கடலு எடுத்ததில்ல. நிங்க பொளிச்சது. நான் அப்பிடித்தான் எழுத முடியும்."

"பொளிச்சதில்ல சாறே, எறக்கினது."

"மலையாளத்துல எழுதும்போ அதுக்கு வேற வாக்கு இல்லம்மா."

வேறு ஏதோ ஊரில் ஒருவன் தன் வீட்டைத் தானே பிரித்து மரத்தை விற்றுவிட்டுக் கடல் எடுத்தது என்று சொல்லித் திட்டத்தில் நிலம் வாங்கியிருந்தானாம். எழுதிக்கொடுத்த அதிகாரி சஸ்பென்ஷனில் இருக்கிறாராம். அதற்குப் பிறகுதான் இந்தப் போன் வந்தது. சுனிதா இதையெல்லாம் மெதுவாக எடுத்துச் சொன்னாள். தனக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு என்றாள். ஆனந்தபாய்க்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சாமானைப் பத்திரமாக எடுத்துவைத்தது குற்றமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சுனிதா போனைத் தடவி, 'உடமஸ்தன் பொளிச்சது', அதாவது சொந்தக்காரரே இடித்தது, என்ற வரியைத் தொட்டாள். அவ்வளவுதான், ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு எதிர்மாடியில் கிருஷ்ணகுமார் என்று ஒரு வக்கீல். ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கிற பட்டியலில் இருப்பவர். அவரிடம் போனார்கள். ராஜையா படியேறி வந்து, மூச்சு வாங்க ஒரு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். பேச்சு முழுக்க ஆனந்தபாய்தான். வக்கீல் பொறுமையாகக் கேட்டார். கடல் அரிப்பு என்பது மெதுவாக நடக்கிற காரியம், அதற்குத் திட்டத்தில் ஒன்றும் கிடையாது என்றார். கடலாக்கிரமணம் என்பது ஒரே நாளில் நடப்பது, அதற்குத்தான் உண்டு. ஆறு வருஷமாக உங்கள் பறம்பு நிலத்தை அரித்துத் தின்றதைச் சட்டம் பார்க்காது. ஒரு நாள் வந்து வீட்டை அடித்தால் பார்க்கும்.

"அப்பம் அந்தக் கல்லு கேசு?" என்று ராஜையா பெஞ்சிலிருந்து கேட்டார்.

"அது முடியும்போ நிங்கக்க வீடு நின்ன எடத்துல வள்ளம் ஓடும் அண்ணாச்சி" என்றார் வக்கீல். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். வீட்டைத் திரும்ப ஏற்றுங்கள். குடியிருங்கள். மறுபரிசோதனைக்கு நான் விண்ணப்பம் போடுகிறேன். ஆனால் ஒன்று கவனம். கடற்கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் புதிதாக ஒன்றும் கட்டக்கூடாது என்று தனிச் சட்டம் உண்டு. பழைய சுவரில் பழைய ஓட்டைப் போட்டால் அது ரிப்பேர். புது ஓடு போட்டால் புதுக் கட்டடம் என்று யாராவது கேஸ் கொடுப்பான். அதனால் உங்கள் ஓட்டையே போடுங்கள், உடைந்துபோன இடத்தில் தார்பாய் கட்டிக்கொள்ளுங்கள்.

இருவரும் திரும்பக் குன்னத்துகாலுக்கே பஸ் ஏறினார்கள்.

குன்னத்துகாலில் சம்மந்தி விமலகுமாரி மோசமானவள் இல்லை. வேளாவேளைக்குச் சோறு உண்டு, படுக்கப் பாய் உண்டு. ஆனால் ஆனந்தபாய் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டி அச்சு வைத்த அன்று, "எண்ணெ மணம் எனக்க நெஞ்சுக்கு ஆகாது சம்மந்தி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றோடு அச்சு சாக்குக்குள் போயிற்று. பேக்கரிக்காரர்கள் வேறு ஆள் பார்த்தார்கள். ஷிஜி அம்மாவுக்கும் மாமியாருக்கும் நடுவில் கிடந்து முழித்தாள். தட்டில் விழுகிற ஒவ்வொரு அகப்பைச் சோற்றையும் ஆனந்தபாய் எண்ணத் தொடங்கினாள். எத்தனை காலம் இப்படி? மகள் வீட்டில் கிடந்து செத்தால் பெட்டி வாங்குகிற செலவும் மருமகன் தலையில். 

"ஏத்துவோம்" என்றாள் ஒரு நாள்.

ராஜையா அவளையே பார்த்தார். "கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கியதுக்கா? ஒரு ஆணி கொடுக்க மாட்டேன்னு நீதானெ சொன்னா?"

"சொன்னேன். இப்பம் கொடுத்தாத்தான் நமக்கு ஒரு எடம் கெடைக்கும்னு சட்டம் சொல்லுகு. நான் என்ன செய்யட்டு?"

இறக்கின வீட்டைத் திரும்ப ஏற்றுவது தாழவிளையில் யாரும் கேள்விப்படாத சங்கதி. சபையில் அறிவிப்பு வாசிக்கப் போதகருக்கே தயக்கம். வாசிக்காமலே மனு எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்தான். வேலை நடந்தது, பேச்சு நடக்கவில்லை. இறக்கும்போது என்ன கேலி, என்ன பாட்டு. இப்போது ஓட்டை வாங்கிக் கொடுக்கிறவனும் வாங்கி வைக்கிறவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதவு நிலையைத் திரும்பச் சுவரில் பொருத்தும்போது ஆசாரிப்பையன் ஒருவன், "இது எத்தற நாளைக்கு மாமி?" என்று கேட்டுவிட்டான். மனு அவனை முறைத்தான். மரச்சீனி அவித்திருந்தாள், பாதிக்குமேல் மிஞ்சிப்போயிற்று.

மறுபரிசோதனைக்கு சுனிதாவே வந்தாள். விளக்கு எரிகிற வீடு, ஜன்னலில் திரை, அடுப்பில் எண்ணெய். அவளுக்குச் சந்தோஷம். இரண்டு அச்சப்பம் தின்றாள், மூன்றாவதைப் பிள்ளைகளுக்கென்று காகிதத்தில் சுற்றிக்கொண்டாள். நாலு பக்கமும் படம் எடுத்தாள். எடுத்து முடித்ததும் 'சேதமில்லை, ஆள் தாமசம் உண்டு' என்று பதிந்தாள்.

"சேதமில்லியா?" என்றாள் ஆனந்தபாய். 

சுனிதா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நல்லதுக்காக்கும் அம்மா. முழு வீடு, ஆளு குடியிருக்குன்னு இப்பம் பதிஞ்சாச்சு. இனி கடலு எடுத்தா அன்னைக்கே என்ன விளியுங்க. நான் வந்து எழுதுறேன். ஆனா பூட்டிட்டுப் போகாதீங்க. ஆளில்லாத வீடுன்னு ஆயிரும். பின்ன, ஆரும் தொடப்பிடாது. எறக்கின அடையாளம் ஒண்ணு தெரிஞ்சாலும் பழைய ரிப்போர்ட்டெ எடுத்து வச்சிட்டுக் கேப்பாங்க. எனக்கும் உத்தியோகம் போவும்."

அன்றிலிருந்து காத்திருப்பு. எதற்கு? சொன்னால் வெட்கக்கேடு. தன் வீட்டைக் கடல் எடுப்பதற்கு. வைகாசி நடுவில் இடவப்பாதி பிறந்தது, மழை பெய்தது, கடல் மட்டும் முற்றத்துத் தெங்கின் தூரில் நக்கிவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போனது. ஆறு வருஷம் வராதே வராதே என்று ஏசின கடலை இப்போது ஏன் வரவில்லை என்று ஏசினாள் ஆனந்தபாய். வருகிற மார்ச்சோடு திட்டம் முடிந்துவிடும் என்று பேச்சு அடிபட்டது. ராஜையா ஈரக்காற்றில் இருமினார். இருமல் கேட்கும்போதெல்லாம், இந்த மனுஷனைக் கொண்டுவந்து இங்கே போட்டது நான்தானே என்று தன்னையும் ஏசிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கடற்கரைக்காக ஜெபித்தார். ஆண்டவரே, அலைகளை அமர்த்தும், எங்கள் வீடுகளைக் காத்தருளும் என்றார். சபை முழுக்க ஆமென் சொல்லியது. ஆனந்தபாய்க்கு வாய் திறக்கவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், ஒரு புதன்கிழமை, மத்தியானம் கழிந்த நேரம். அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். முதல் அலை அடுக்களைச் சுவரில் அடித்தபோது சட்டியிலிருந்த எண்ணெய் துள்ளித் தரையில் சிந்தியது. இரண்டாவது அலைக்குச் சுவர் மூலையில் விரிசல் கண்டது. அடுப்பை அணைத்துவிட்டு, ராஜையாவைக் கையைப் பிடித்து வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தாள். ரேஷன் கார்டையும் அவருடைய மாத்திரையையும் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. அச்சு அடுப்படியிலேயே கிடந்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. தாழவிளையில் அதற்குக் கூப்பிட வேண்டியதும் இல்லை. மனு ஆட்டோவை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏணியோடு ஓடி வந்தான். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர்.  ஏணி சாய்ந்தது, மனு ஏறினான், கீழே வரிசை நின்றுவிட்டது. முதல் ஓடு கைமாறிக் கீழே வந்தது.

"எலே மனு, எறங்குலே."

"மாமி நேரம் இல்ல. முன்பக்கத்து ஓட்டெயாவது எடுத்திரலாம். கதவெ பின்ன பாக்கலாம்."

"எறங்குன்னு சொன்னேன். ஆரும் தொடப்பிடாது."

மனு ஓட்டின்மேல் உட்கார்ந்தபடியே அவளைக் குனிந்து பார்த்தான். அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பான். வரிசையில் நின்ற ஒருவன் கதவுப் பக்கம் போனான். ஆனந்தபாய் ஓடிப்போய்க் குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"மக்களே, உங்க காலுல வேணும்னாலும் விழியேன். நிங்க எடுத்தா நாங்க தெருவுல ஆக்கும். அது எடுக்கட்டு. முழுசாட்டு எடுக்கட்டு. விட்டிருங்க."

ராஜையா தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மனு இறங்கிவிட்டான். இறக்கின அந்த ஒற்றை ஓடு கடைசி ஆளின் கையில் இருந்தது. ஆனந்தபாய் அதை வாங்கினாள். மேலே வைக்க எட்டாது. வேண்டாம் வேண்டாம் என்று எல்லாரும் கத்தக் கத்த வீட்டுக்குள் போனாள். முட்டளவு தண்ணீரில் நடந்து, கட்டிலுக்குமேல் அந்த ஓட்டை வைத்துவிட்டு வந்தாள். வந்து கதவைச் சாத்தினாள்.

வீடு சட்டென்று போகவில்லை. அப்படிப் போயிருந்தாலாவது தேவலை. அடுக்களை முதலில் உட்கார்ந்தது. பிறகு பின்பக்கத்துக் கழுக்கோல்கள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்தன. ஓடுகள் சரசரவென்று தண்ணீருக்குள் சரிந்தன. நல்ல ஓடுகள், இன்னும் ஐம்பது வருஷம் கிடக்கும். பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் வெறுங்கையோடு நின்று பார்த்தார்கள். வாழ்நாளில் அவர்கள் அப்படி நின்றதில்லை. கதவு நிலையோடு கழன்று ஒரு தடவை கரைக்கே வந்தது. ஒருவன் தன்னை அறியாமல் இரண்டு எட்டு முன்னால் போனான். ஆனந்தபாய் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நின்றுவிட்டான். அடுத்த அலை அதை இழுத்துக்கொண்டு போயிற்று.

எல்லாம் முடிந்தபோது மனு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டான். அவளைத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு நடந்தான். மற்றவர்களும் அவன் பின்னால் போய்விட்டார்கள்.

ஆனந்தபாய் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பான நம்பருக்குப் போயிற்று. மூன்றாவது தடவை சுனிதா எடுத்தாள்.

"சாறே, தாழவிளை ஆனந்தபாயாக்கும். வீடு போச்சு. முழுசும் போச்சு."

சுனிதா பதறிப்போனாள். ஆட்களுக்கு ஒன்றும் இல்லையே, யாரும் உள்ளே இல்லையே, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டாள்.

"ஆரும் இல்ல சாறே" என்றாள் ஆனந்தபாய். "எல்லாரும் வந்தாவ. நான் ஒருத்தரையும் கிட்ட விடல்ல."